அரைப்புள்ளி யாருக்குச் சொந்தம்? தகடூர் உரைமரபு நோக்கில் ஓர் ஆய்வு

இணையவழி அழைப்பின் இலக்கணமான 'சிப்' நெறி, ஆர்எஃப்சி 3261 என்ற எண்ணோடு 2002 ஜூனில் வெளிவந்தது. ஃபிரம், டு, கான்டாக்ட் ஆகிய தலைப்புவரிகளில் முகவரி எழுதும் முறையை அதன் இருபதாம் இயல் வகுக்கிறது. அதை நூற்பா ஆக்காமல் விட்டது ஆசிரியர்களின் குறை. நாம் ஆக்கினோம்:

அரைப்புள்ளி காற்புள்ளி வினாக்குறி மூன்றும்
உறையும் முகவரி கோண அடைப்புறும்.

காற்புள்ளி: கான்டாக்ட் வரியில் அடுத்த முகவரியின் தொடக்கம் ஆகிவிடும். வினாக்குறி: இதில் வினா எழவில்லை.

அரைப்புள்ளியில்தான் வழக்கே. அரைப்புள்ளிக்குப் பின் வரும் 'டிரான்ஸ்போர்ட்=டிசிபி' என்பது அடைப்புக்குள் இருந்தால் முகவரியின் குணம். அடைப்பே இல்லையென்றால் தலைப்புவரி அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முகவரி வெறுமனே நிற்கும். தபாலிலும் இதே வழக்குத்தான்: 'பாலக்கோடு வட்டம், மாரண்டஅள்ளி வழி' என்ற உறையில் 'வழி' ஊருக்கா, உறைக்கா? ஊருக்கே என்பார் தருமபுரி பேருந்து நிலைய உரைகாரர். உறைக்கே என்பது நல்லம்பள்ளி மாற்றுரை (கறையான் தின்றது போக எஞ்சிய பக்கம், தேநீர்க் கறைக்குக் கீழே). இரண்டும் பிழை, தபால்காரருக்கே என்கிறது அதியமான்கோட்டை ஓரக்குறிப்பு. அதன் மறுப்புக்கு எழுந்த மறுப்பை மட்டும் யாரோ புளி கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் 'வழி'யை எடுத்து, நான்கு வரி தள்ளி இன்னொருவர் முகவரியோடு கூட்டி, பொருளும் சொல்லியிருப்பார். அவர் வழியில் இன்று முனைவர் பட்டம் பெறுவோர் பொருளை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

முகவரிக்கு முன் வரும் காட்சிப்பெயருக்கும் விதி உண்டு. ஆங்கில எழுத்தில் குமார் மேற்கோள்குறி இல்லாமலே நுழையலாம். தமிழில் 'அதியமான்' என்று எழுதினால் இரட்டை மேற்கோள் கட்டாயம். தகடூரை ஆண்டவன் ஆயிற்றே என்று கேட்டால் நெறி இரங்காது. மேற்கோளுக்குள் வந்ததால் அவன் வெறும் 'அதியமான் எனப்படுபவன்' ஆகிவிடுகிறானா என்பது தனி நூலுக்குரிய பொருள். முதல் தொகுதி அச்சில் இருக்கிறது.

பின்னால் வந்த நெறிகள் புதிய தலைப்புவரிகளைச் சேர்த்தன. அடைப்பு விதியைச் சேர்க்கச் சில மறந்தன. அது அவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கென்றே ஆர்எஃப்சி 8217 என்று தனி ஆவணம் 2017இல் வந்தது. ஒரு வாக்கியத்துக்குப் பதினைந்து ஆண்டு. நம் பல்கலைக்கழகங்கள் இந்த வேகத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

காட்சிப்பெயரே இல்லாத முகவரிக்கும், உள்ளே அரைப்புள்ளி இருந்தால், அடைப்பு வேண்டுமா என்று ஆய்வாளர் சிலர் கேட்கக்கூடும். வேண்டும். அந்த இருபதாம் இயலிலேயே இருக்கிறது, படித்திருக்கலாம்.