80 பக்கம், அரை மணி நேரம்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிய கவிதைத் தொகுப்பை வீடு போய்ச் சேருவதற்குள் மெட்ரோவிலேயே முடித்துவிட்டதாக முகநூலில் அறிவிப்பது இப்போது வாசிப்புத் திறனுக்குச் சான்றிதழாகிவிட்டது. 80 பக்கம், பக்கத்துக்கு ஏழெட்டு வரி, மீதி வெள்ளைத் தாள். அரை மணி நேரமே அதிகம்தான். இந்தக் கணக்குப்படி குறுந்தொகையையும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிதானே? அதற்குப் போய் உ.வே.சாமிநாதையர் 1937இல் தடிமனான உரைநூல் கொண்டுவந்தார். பாவம், அவருக்கு மெட்ரோ வசதி இல்லை.

“அது பழந்தமிழ், உரை தேவை, இன்றைய கவிதை நாம் பேசும் தமிழில்தானே இருக்கிறது?” என்பார்கள். சிக்கலே அங்கேதான். அருஞ்சொல் வேகத்தடை மாதிரி, வாசகரைத் தானே நிறுத்தும். 1959இல் சி.சு.செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபின் வேரூன்றிய புதுக்கவிதை, யாப்போடு அந்தத் தடைகளையும் பெயர்த்தெடுத்துவிட்டது. பிரேக் போடும் வேலை நம் காலுக்கு வந்துவிட்டது. நல்ல கவிதை முதல் வாசிப்பிலேயே தைக்க வேண்டாமா? தைக்கட்டும். தைத்த கையோடு ஏன் பக்கத்தைப் புரட்ட வேண்டும்? எல்லாத் தொகுப்புக்கும் இந்த மரியாதை தகுமா என்றால், தகாது. சிலவற்றை மெதுவாக வாசித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவற்றின் அட்டைப்படத்தோடு நின்றுகொள்வதே கவிஞருக்குச் செய்யும் உதவி. மற்றவற்றை நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று வாசியுங்கள். அடுத்த ஜனவரிக்குள் அதே கவிஞர் இன்னும் மூன்று தொகுப்பு போட்டுவிடுவாரே என்று பதற வேண்டாம், காத்திருக்கச் சொல்லுங்கள்.