பீப் மதமும் பென்சில் மதமும்: சிவகாசிப் பட்டாசுக் கடைகளில் பில் போடும் முறை பற்றி ஓர் ஆய்வு

பில் போடுவதில் உலகம் இரு மதப்படும். பெட்டிமேல் உள்ள கோடுகளை ஸ்கேனரில் காட்டி, ‘பீப்’ கேட்ட பின்பே காசு வாங்குவது ஒன்று. விலைப்பட்டியலில் பென்சிலால் எண்ணிக்கை குறித்து, கால்குலேட்டரில் பெருக்கிக் கூட்டிக் கழிப்பது மற்றொன்று. முன்னது 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் தொடங்கியது. பின்னது ஐப்பசி நெருங்கினால் விருதுநகர் – சிவகாசிச் சாலையின் இருபுறமும் செழிப்பது.

கோடுகளுக்குள் விலை ஒளிந்திருக்கிறது என்பாரும் உளர். அது பொருந்தாது. உள்ளே இருப்பவை 13 இலக்கங்களே. 890 என்று தொடங்கினால் அந்த எண் இந்தியாவில் பதிவானது. பொருளும் இங்கே செய்ததுதான் என்பதற்கு அது சான்றாகாது. கடைசி இலக்கம் காவல்காரன். ஒற்றைப்படை இடத்தவற்றை அப்படியே கூட்டி, இரட்டைப்படை இடத்தவற்றின் கூட்டலை மூன்றால் பெருக்கிச் சேர்த்து, வரும் தொகையை அடுத்த பத்துக்கு நிரப்புவது அவன் வேலை. 890123456789 என்ற வரிசைக்கு 130 வரும். நிரப்ப ஒன்றுமில்லை, ஆகவே பதின்மூன்றாவது 0. விலையோ கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அங்கே யாராவது ஏற்றாதவரை பீப் வெறும் சத்தம்; பட்டாசு ஊரில் சத்தத்துக்கா பஞ்சம்?

லேபிள் அச்சடிப்பதும் சிவகாசியின் தொழிலாதலால் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டாசு உறைக்கு உகந்த நிறம் சிவப்பு. பெரும்பாலான ஸ்கேனர்கள் வீசும் ஒளியும் சிவப்பு. வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு போட்டால் அதன் கண்ணுக்கு வெறுந்தாள்தான் தெரியும். டிசைனர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் கோடு கருப்புதான்.

இனி பென்சில் மதம். பெட்டிமேல் 500 ரூபாய் என்றிருக்கும். வாசலில் ‘80 சதவீதம் தள்ளுபடி’ என்று பேனர் தொங்கும். அந்த 500-ஐ முழுதாகக் கொடுத்தவர் எவரையும் இவ்வாய்வாளர் கண்டதில்லை. “அந்த வெலயப் பாக்காதீங்க அண்ணாச்சி, அது சும்மா போட்டிருக்கு” என்பது கடைக்காரர் உரை. கழிப்பதற்கென்றே படைத்த எண் அது என்றவாறு. நேராக 100 என்றே அச்சிட்டால் என்ன எனின், வாங்கியவர் ஊர் திரும்பி, 400 ரூபாய் மிச்சம் பிடித்த கதையை மச்சினனிடம் சொல்ல முடியாது. பருப்பிலும் வற்றலிலும் பைசா பார்க்கும் விருதுநகர் வியாபாரிகளின் பேரன்மாரும் இந்த 400-இல் மயங்குவது தனி ஆய்வுக்குரியது. இதே வட்டாரத்துத் தீப்பெட்டி 14 ஆண்டுகள் 1 ரூபாயில் நின்று, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. அதற்குத் தள்ளுபடி கேட்டாரில்லை.

எஞ்சியது கொசுறு. பில் முடிந்தபின் “பிள்ளைக்கு ஒரு பாம்பு மாத்திரை போடுங்க” என்று கேட்டுப் பெறும் பாக்கெட்டுக்கு எந்த மதத்திலும் கணக்கில்லை. ஸ்கேனரில் காட்டினால் அது கொசுறு ஆகாது. பில்லுக்கு முன்பே கேட்கலாம் என்பாரும் உளர். அங்ஙனமன்று. முன்பே கேட்டால் 80 சதவீதம் 75 ஆகிவிடும்.