வெட்சியா, நொச்சியா?

ஜமுனாமரத்தூரில் சாயங்காலப் பனி இறங்க ஆரம்பித்துவிட்டால் டீக்கடையில் இரண்டே விஷயங்கள் சூடாக இருக்கும். ஒன்று பாய்லர். மற்றது சென்னையின் எஃப்சி. 'சென்னையின்' என்று பாதியிலேயே நின்றுபோன பெயர் அது. சென்னையின் என்ன, சென்னையின் யார் என்று 2014-லிருந்து யாரும் வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை. அந்தப் பொறுப்பை எங்கள் பெஞ்சு எடுத்துக்கொண்டது.

2025-ல் இந்தக் கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். கிளிஃபோர்ட் மிராண்டா, கோவாக்காரர். அதே ஆண்டு ஜூலையில், ஒப்பந்தப் புதுப்பிப்பு இழுபறியாகி, ஐஎஸ்எல் லீக்கையே கிடப்பில் போட்டார்கள். மாப்பிள்ளை ரெடி, முகூர்த்தம் குறிக்கவில்லை என்ற கதை. பந்து இல்லை, அட்டவணை இல்லை. ஆனால் அவருடைய ஆட்டபாணி பற்றிய சண்டை மட்டும் ஒரு நாளும் தடைபடவில்லை.

"இன்னா மச்சான், கோவாக்காரரு. பந்தைத் தரையிலயே வெச்சிக்கினு ஆட வைப்பாரு, பாத்துக்கினே இரு."

"2023-ல ஒடிசாவுக்கு சூப்பர் கப் வாங்கிக் குடுத்தாரே, அப்ப எப்பிடி ஆடுனாங்கன்னு நீ பாத்தியா?"

"பாக்கல. நீ?"

"நானும் பாக்கல. அதுக்கு?"

டீக்கடை அண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "புதுசா யாராச்சும் வர்றாங்களாப்பா?"

"பிரேசில்லேருந்து ஒருத்தரு வர்றாராம்ணா."

"யாரு சொன்னா?"

"மச்சானோட மச்சான்."

இந்தக் கூட்டத்தை ஏதோ செல்போன் வந்தபிறகு முளைத்த வியாதி என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். வரலாறு தெரியாத பேச்சு. ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும் இதே கூட்டத்தை இரண்டாயிரம் வருஷமாக நடத்திவருகின்றன. ஆதாரம் பத்துப்பாட்டிலேயே இருக்கிறது.

மலைபடுகடாம். மொத்தம் 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். அவர் சொல்லும் செங்கண்மாதான் இன்றைய செங்கம். சேயாறு எங்கள் மலையில் பிறக்கும் ஆறு. நவிரமலையைப் பர்வதமலை என்கிறார்கள். ஊரின் தலைவன் நன்னன் சேய் நன்னன். அப்பா பெயர் நன்னன், பிள்ளை பெயரும் நன்னன், அதாவது கிளப் ஒரே குடும்பத்தின் கையில்.

பாட்டின் சங்கதியைப் பண்டிதர்கள் ஆற்றுப்படை என்பார்கள். பெஞ்சு பாஷையில் சொன்னால் டிரான்ஸ்ஃபர் ரூமர். ஏற்கெனவே நன்னனிடம் போய்ப் பையை நிரப்பிக்கொண்டு திரும்பும் ஒரு கூத்தன், வழியில் இன்னொரு கூத்தர் கூட்டத்தைப் பார்க்கிறான். வயிறு ஒட்டிக் கிடக்கிறது, சம்பளபாக்கி முகத்தில் தெரிகிறது. "ஏம்ப்பா இப்படி அலையறீங்க? நேரா நன்னன்கிட்ட போங்க. கேட்டது கெடைக்கும்" என்று ஆரம்பிக்கிறான்.

ஆரம்பித்தவன் லேசில் விடவில்லை. வழியெல்லாம் சொல்கிறான். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போ. தினைப்புனத்தில் யானை விரட்ட எறியும் கவண்கல் எமன்போல் வரும், மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள். நடுகல் வரும், நின்று கும்பிட்டுவிட்டுப் போ. வழியில் தினைச்சோறு போடுவார்கள், கறி போடுவார்கள், மூங்கில் குழாயில் முற்றிய தேறல் தருவார்கள். உள்ளே போனால் காத்திருக்கவே வேண்டாம். ஆண்களுக்குப் பொற்றாமரை, பெண்களுக்கு நகை, அப்புறம் யானை, குதிரை. இன்றைக்கு ஒரு வெளிநாட்டு வீரருக்குக் கிடைக்கும் ஒப்பந்தத்தில் வீடு உண்டு, கார் உண்டு, யானை கிடையாது.

இவ்வளவும் செய்த அந்த ஏஜெண்டு கமிஷன் கேட்டதாக 583 அடியில் ஒரு சொல் இல்லை. பாட்டு ரொம்பப் பழையது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

இதே பாட்டில் மலையில் எழும் சத்தங்களை எல்லாம் வரிசையாக அடுக்குகிறார் புலவர். அருவிச் சத்தம், யானைச் சத்தம், புனம் காப்பவர்கள் சத்தம். டீக்கடைச் சத்தம் விட்டுப்போயிருக்கிறது. அப்போது டீ இல்லை, அதனால் மன்னிக்கலாம்.

வதந்திக்கு இலக்கணமே எழுதிவைத்த ஆள் இன்னொருவர்: தொல்காப்பியர். பக்கத்து நாட்டு மாட்டுமந்தையை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு வருவது வெட்சித் திணை. அதற்கு அவர் வைத்திருக்கும் துறைகளில் சிலதைப் பாருங்கள். முதலில் விரிச்சி: ஊர்ப்புறத்தில் இருட்டில் நின்று, யாரோ யாரிடமோ பேசும் பேச்சில் ஒரு சொல் காதில் விழுந்தால் அதையே சகுனமாக எடுத்துக்கொள்வது. மச்சானின் மச்சான் சொன்னதற்கும் இதற்கும் எள்ளளவு வித்தியாசம் காட்ட முடியுமா? அடுத்து வேய்: ஒற்றன் போய் மந்தையைப் பார்த்துவருவது, அதாவது ஸ்கவுட். பிறகு ஆகோள்: மாட்டைக் கிளப்புவது. தந்துநிறை: கொண்டுவந்து ஊர் மன்றத்தில் நிறுத்துவது, அதாவது மாலை போட்டு, ஜெர்சியைக் கையில் பிடிக்கவைத்து போட்டோ. பாதீடு: பங்கு பிரிப்பது. உண்டாட்டு: இதை விளக்க வேண்டியதில்லை.

மாடு பறிகொடுத்தவன் விரட்டிப்போய் மீட்டால் கரந்தை. பந்து போனதும் அஞ்சு நொடிக்குள் திரும்பப் பிடுங்க வேண்டும் என்று ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்களே, அதுதான். எதிரி மண்ணுக்குள் படை நடத்தினால் வஞ்சி. கோட்டையைச் சூழ்ந்து முட்டினால் உழிஞை. உள்ளே பத்துப் பேரும் மதில்மேல் ஏறி நின்று காத்தால் நொச்சி. ரெண்டு பக்கமும் சமவெளியில் மோதிக்கொண்டால் தும்பை. ஜெயித்தால் வாகை. எல்லாம் நிலையில்லை என்று பெருமூச்சு விட்டால் காஞ்சி. நம்மாள்தான் உசத்தி என்று புகழ்ந்துகொண்டே இருந்தால் பாடாண், அதாவது கிளப்பின் அதிகாரபூர்வப் பக்கம். அந்தக் காலத்தில் ஜெர்சி கிடையாது, பூதான். நொச்சிப் பூ நீலம், சென்னையின் சட்டையும் நீலம். இதைத் தற்செயல் என்று சொல்பவர் 2018 இறுதிப் போட்டியைப் பார்க்காதவர்.

அதனால் கிளப்பின் வரலாற்றைத் திணைவாரியாகச் சொல்லிவிடுகிறேன், பரீட்சைக்கு உதவும்.

பயிற்சியாளர்களில் முதலில் மட்டராஸி காலம். 2006 உலகக் கோப்பையில் ஜிடானின் மண்டையை நெஞ்சில் வாங்கியவர். நெஞ்சு உரத்தில் சந்தேகம் கிடையாது. 2015-ல் பட்டியலின் அடியில் கிடந்த அணி திடீரென்று விழித்துக்கொண்டது. டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் மிதந்ததால் உள்ளூர் அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள், 3-0. இறுதிப் போட்டி கோவாவில், கோவாவுக்கு எதிராக. தொண்ணூறு நிமிடம் நெருங்கும்போது 2-1 பின்னடைவு. எங்கள் பெஞ்சு எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டது. அப்புறம் கோவா கோல்கீப்பர் கையிலேயே பட்டு ஒரு கோல், இஞ்சுரி டைமில் மெண்டோசா ஒரு கோல், 3-2. ராத்திரியோடு ராத்திரியாக ஊர் புகுந்து மந்தையை ஓட்டிவந்தாயிற்று. அக்மார்க் வெட்சி.

அடுத்து ஜான் கிரெகரி காலம். மார்ச் 17, 2018. பெங்களூர் கோட்டைக்குள்ளேயே இறுதிப் போட்டி. ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரின் சேத்ரி கோல். ரெண்டு கார்னர், ரெண்டு தடவையும் நம் தடுப்பாட்டக்காரர் மைல்சன் தலை, மறுபடி 3-2. மதிலைக் காப்பவனே இறங்கிவந்து எதிரி மதிலை முட்டிய ஆட்டம். நொச்சியா உழிஞையா என்று எங்கள் பெஞ்சில் இன்னும் தீர்ப்பாகவில்லை. அன்றைக்கு கிரெகரியை மகான் என்றோம். அடுத்த பருவத்தில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பட்டியலில் கடைசி. அதே மனிதர், அதே பாணி. "இவருக்கு ஆடத்தெரியாதுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று பெஞ்சில் எல்லோரும் சொன்னார்கள். அப்பவே சொன்னதை அப்பவே கேட்ட ஆள் மட்டும் கிடைக்கவில்லை. திணை: காஞ்சி.

பிறகு ஓவன் கோய்ல். 2019 டிசம்பரில் வந்தார். அரையிறுதியில் கோவாவோடு முதல் ஆட்டம் 4-1 வெற்றி, அடுத்த ஆட்டம் 4-2 தோல்வி, கூட்டினால் 6-5. கபடி ஸ்கோர் மாதிரி இருந்தாலும் கால்பந்துதான். தும்பை என்றால் தும்பை, தலையில் சூடிக்கொள்ளலாம். மார்ச் 14, 2020 இறுதிப் போட்டியைக் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் ஆடி, ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம். நாங்கள் போய்க் கத்தியிருந்தால் ஜெயித்திருப்போம் என்பது பெஞ்சின் உறுதியான முடிவு. இதை யாராலும் பொய்யென்று நிரூபிக்க முடியாது என்பதுதான் அதன் பலம்.

கோய்ல் அங்கிருந்து ஜாம்ஷெட்பூர் போனார். போகிறவர் சும்மா போகவில்லை. அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த லிதுவேனியாக்காரர் வல்ஸ்கிஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஆகோள் நமக்கே நடந்துவிட்டது. வல்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் திரும்பி வந்தார். கரந்தை, மீட்டுவிட்டோம் என்று பட்டாசு வெடித்தோம். ரெண்டு மாதத்தில் ஜாம்ஷெட்பூர் லீக் கேடயத்தை வாங்கியது.

இடையில் சாபா லாஸ்லோ. 2020-21 பருவத்தில் 20 ஆட்டம், அதில் 11 டிரா. யாரையும் நோகடிக்காத மனிதர். இதற்கு எந்தத் திணை என்று தொல்காப்பியத்தில் தேடித் தோற்றேன். புறப்பொருள் வெண்பாமாலையில் கிடைத்தது: பொதுவியல். அந்நூலின் பன்னிரண்டு திணையில் மிச்சம் ரெண்டு இருக்கிறது. ஒருதலைக் காதலான கைக்கிளை ரசிகனுக்கு. பொருந்தாக் காதலான பெருந்திணை, பயிற்சியாளருக்கும் நிர்வாகத்துக்கும்.

2023-ல் கோய்லே திரும்ப வந்தார். முதல் பருவத்தில் பிளே ஆஃப், அடுத்த பருவத்தில் பதினோராம் இடம். மகான், ஆடத்தெரியாதவர், இரண்டு பட்டமும் ஒரே ஆளுக்கு மறுபடி வழங்கப்பட்டது.

ஜெயித்தவர் ஆட்டம் அழகு, தோற்றவர் ஆட்டம் அசிங்கம். பதினோரு வருஷ ஆராய்ச்சியில் நாங்கள் கண்டுபிடித்த ஆட்டபாணித் தத்துவம் இவ்வளவுதான். இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். அதுவும் எங்கள் மலையில் இருக்கிறது என்பது வேறு விஷயம். காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி. அது வருவதற்கு முன்பே, 1977-ல், சின்னத் தொலைநோக்கியை வைத்தே யுரேனஸுக்கு வளையம் இருப்பதற்குத் தடயம் பிடித்தார்கள். ஐஎஸ்எல்லில் ஆஃப்சைடு பார்க்க மட்டும் வீடியோ நடுவர் இன்னும் வரவில்லை.

சரி, பயிற்சியாளரை வரலாறு எப்படி நினைவு வைக்கும்? அதற்கும் செங்கம் பக்கம்தான் போக வேண்டும். 1972-ல் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது. அவ்வளவு கல். மாடு பிடிக்கப் போய் விழுந்தவனுக்கும் கல், மீட்கப் போய் விழுந்தவனுக்கும் கல். கையில் வில்லும் வாளும், காலடியில் கெண்டியும் சிமிழும். கெண்டி தண்ணீர் பாட்டில், சிமிழ் வலிக்குத் தடவும் தைலம் என்பது பெஞ்சின் ஆய்வு முடிவு.

எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-வது ஆட்சியாண்டு. சாமானியப்பட்ட மேனேஜர் இல்லை அவர். விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன் என்று பட்டம் மட்டும் பெரிய பட்டியல். பெரியபுராண வழக்கை நம்பினால் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியவர், அதாவது பருவத்தின் நடுவில் ஆட்டபாணியையே மாற்றிக் காட்டியவர். அப்படிப்பட்டவருக்கு அந்தக் கல்லில் என்ன வேலை? தேதி சொல்லும் வேலை. இன்னாருடைய இத்தனாவது வருஷம் என்று சொன்னதோடு அவர் ஆட்டம் முடிந்தது. நாங்கள் 'மட்டராஸி காலம்', 'கோய்ல் காலம்' என்கிறோமே, அதே கணக்கு.

கதை வேறு ஆளுடையது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளுக்காகப் போராடி விழுந்தான். அவனிடம் கோவிவன் என்று ஒரு நாய். எஜமான் விழுந்தபிறகும் அது ஓடவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றது. ஏழாம் நூற்றாண்டில் அந்த நாயின் பெயரைக் கல்லில் வெட்டி, உருவத்தையும் செதுக்கிவைத்தார்கள். அது பிரஸ்ஸிங் ஆடியதா, எதிர்த்தாக்குதலா என்று கல்வெட்டில் ஆராய்ச்சி இல்லை. நின்றது. அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இதை நான் பெஞ்சில் சொல்லிமுடித்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் டீக்கடையிலும் ஒரு நாய் உண்டு. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியது. ஒருமுறை எதிர்க் கறிக்கடைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்ததால் அதற்கு வல்ஸ்கிஸ் என்று பெயர்.

"ணா, இதுக்கு இனிமே கோவிவன்னு பேரு வெச்சிடலாமா?" என்றான் மச்சான், குரல் கொஞ்சம் தழுதழுத்து.

"லீக்கே இல்ல, ஆனா தினம் வந்து கத்திக்கினு கெடக்கிறது நீங்கதான்டா. அந்தப் பேரு உங்களுக்கு வெச்சிக்கோங்க" என்றார் அண்ணன். "அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

மச்சான் குனிந்து, "கோவிவா!" என்றான். நாய் அசையவில்லை. "வல்ஸ்கிஸ்!" என்றான். காதுகூட ஆடவில்லை. அண்ணன் கண்ணாடி ஜாடி மூடியைத் திறந்தார். சத்தம் கேட்டதும் எழுந்து வந்து, பன்னில் பாதியை வாங்கிக்கொண்டு, மறுபடி பெஞ்சுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.