தெற்குத் தெரு முந்தினால் ஃபெயில்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் எக்ஸ்டென்ஷனுக்கு டெஸ்ட் என்பது பேப்பர் திருத்துவதுதான். 'எக்ஸ்பெக்டட்' ஃபோல்டரில் விடைக்குறிப்பு இருக்கும். 'ரிசல்ட்ஸ்' ஃபோல்டரில் எக்ஸ்டென்ஷன் எழுதிய விடைத்தாள். கருணை மதிப்பெண் கிடையாது. ஒரு எழுத்து மாறினாலும் ஃபெயில்.

பாதி நேரம் கோளாறு கோடில் இருக்காது, வரிசையில் இருக்கும். வாசுதேவநல்லூர் முகவரிகளை ஏற்றிவிட்டு 'ஆர்டர் பை' இல்லாமல் கேட்டால், இன்று வந்த வரிசை நாளையும் வரும் என்று போஸ்ட்கிரெஸ் எங்கும் சத்தியம் செய்யவில்லை. 'ஆர்டர் பை' போட்டாலும் பஞ்சாயத்து ஓயாது. எழுத்துகளை எப்படி வரிசைப்படுத்துவது என்ற விதிதான் கொலேஷன். 'சி' கொலேஷனுக்கு யூனிகோடு எண்தான் வேதம். அதில் ற-வுக்கு முன்பே ன வந்துவிடுவதால் 'தென்காசி சாலை' முதலில், 'தெற்குத் தெரு' அப்புறம். ஐசியு நூலகத்தின் கொலேஷன் அரிச்சுவடி படித்தது. அங்கே ற முந்தி, ன பிந்தி, தெற்குத் தெருவுக்கே முதல் மரியாதை. லேப்டாப்பில் பாஸான டெஸ்ட் சர்வரில் விழுவது இப்படித்தான். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சிக்கும் தனி வரிசை உண்டு; 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பு பல மொழிகளின் வரிசையைக் கலைத்துப்போட்டதில் டெஸ்ட் மட்டுமல்ல, பழைய இண்டெக்ஸ்களே பழுதாயின.

'ஆர்டர் பை' போட்டு, எந்தக் கொலேஷன் என்பதையும் டெஸ்டிலேயே எழுதிவைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. நடைமுறை வேறு: ரிசல்ட்ஸ் கோப்பை எக்ஸ்பெக்டட் மேல் காப்பி செய்வார்கள். மாணவன் எழுதியதே விடைக்குறிப்பு, நூற்றுக்கு நூறு.