ஒட்டு நகமும் ஒன்பது கஜமும்: திருப்புட்குழி வட்டாரத்தில் செயற்கை நக வணிகம் குறித்த ஓர் ஆராய்ச்சி

விரல்நுனியின் மேற்புறத்தைக் காக்கும் பொருட்டு அமைந்த, கெரட்டின் என்னும் புரதத்தாலான, உயிரற்ற தகடே நகம் எனப்படும். கைவிரலில் அது மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால்விரலில் ஏறத்தாழ அதன் பாதியளவே வளரும். இத்தகட்டின்மீது, ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, ஜெல் சாயம் பூசப்பெற்று, பசையாலோ இருபுறமும் ஒட்டும் சிறு பட்டையாலோ பொருத்தப்படும் இரண்டாம் தகட்டை வணிகர் 'பிரஸ் ஆன் நெயில்' என்பர்; இவ்வாராய்ச்சி அதனை ஒட்டு நகம் என வழங்கும். முதலாம் தகடு வேண்டும்போது வளராது, வேண்டாதபோது உடையும்; இரண்டாம் தகடு வளரவே வளராது எனினும், வேண்டிய நாளில் வேண்டிய நீளத்தோடு கூரியரில் வந்து சேரும். காஞ்சிபுரத்துச் சேலைக்கும் இட்லிக்கும் செலவிட்ட மையில் ஒரு துளியேனும், அச்சேலையின் முந்தானையைப் பிடித்து அவ்விட்லியைப் பிட்கும் விரலின் நுனிக்குச் செலவிடப்பட வேண்டும் என்பதே இம்முயற்சிக்குக் காரணம்.

ஒட்டு நகத் தொழிலைத் தொடங்குதற்குத் திருப்புட்குழியைத் தேர்ந்தது தற்செயலன்று. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி அமைந்த இவ்வூர், 108 திவ்யதேசங்களுள் ஒன்று. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனோடு பொருது வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்பது தலவரலாறு. பெருமாளின் திருநாமம் விஜயராகவன், தாயார் மரகதவல்லி, குளம் ஜடாயு தீர்த்தம். வில்லும் வாளும் இன்றி, அலகையும் நகத்தையும் சிறகையும் மட்டுமே நம்பிப் போர்க்களம் புகுந்த ஒரு வீரனுக்குத் தீர்த்தம் கண்ட ஊரில், நகம் அற்பப் பொருள் என்னும் வாதம் எடுபடாது. உயிரற்ற தகடு எவ்வாறு வளர்கிறது என்று வெளியூரார் வியக்கக்கூடும். மகப்பேறு வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு உறங்கினால் விடியலில் அது முளைவிட்டிருக்கும் என்று நம்பும் ஊரார்க்கு அதில் வியப்பொன்றும் இல்லை.

இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதும் இவ்வூரில்தான் என்பர். ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் மறுத்தார். மறுப்பு வளர்ந்து பிரிவில் முடிந்தது. பிற்காலத்தில் ஆசிரியரே மாணவருக்குச் சீடராகிக் கோவிந்த ஜீயர் எனப் பெயர் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். யாதவப்பிரகாசரின் கொள்கையைப் பேதாபேதம் என்பர் ஆய்வாளர். உலகம் பிரமத்தோடு ஒன்றாகவும் இருக்கிறது, வேறாகவும் இருக்கிறது என்பது அதன் சாரம். ஒட்டு நகத்துக்கு இதனினும் பொருத்தமான தத்துவம் கிடைத்தல் அரிது. முகூர்த்தப் புகைப்படத்தில் அது விரலோடு ஒன்று. பந்தியில் சாம்பார் சோறு பிசையும்போது வேறு. பட்டையால் ஒட்டிய நகம் சில நாளும் பசையால் ஒட்டிய நகம் ஓரிரு வாரமும் நிற்கும் என்று பெட்டியின்மேல் அச்சிடுவோர், கரண்டியாலும் முள்ளாலும் உண்பவரை மனத்துள் வைத்தே அச்சிடுகின்றனர். எண்ணெயும் வெந்நீரும் பட்டையின் பிடிப்பைத் தளர்த்துவதால், சூடான ரசத்தையும் நெய் மிதக்கும் பருப்பையும் ஐந்து விரலாலும் பிசையும் நாட்டில் அவ்வாக்குறுதி அப்படியே செல்லாது. பாயசத்தில் நகம் கண்டெடுக்கப்படுமாயின் சமையற்காரர் மீது பழி விழும் அபாயமும் உண்டு.

வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். தமிழ்நாட்டுப் பெண்டிரின் பழைய நகப்பூச்சு மருதாணி. நகத்தில் ஏறிய அதன் சிவப்பு, நகம் வளர்ந்து வெட்டுண்டாலன்றிப் போகாது. ஆதலால் ஒரு கல்யாணத்துக்கு இட்ட மருதாணி நான்கைந்து மாதம் கழித்தும் விரல்நுனியில் பிறைபோல் ஒதுங்கி நின்று, அந்தக் கல்யாணத்தின் வயதை அறிவித்துக்கொண்டிருக்கும். 1954இல் பிலடெல்பியாவின் பல் மருத்துவர் பிரெட் ஸ்லாக், பணியின்போது தம் நகம் உடைய, பல் கட்டும் அக்ரிலிக் கலவையால் அதைச் சரிசெய்துகொண்டார் என்றும், இன்றைய செயற்கை நகத்தொழில் அங்கிருந்தே கிளைத்தது என்றும் சொல்வர். அதற்கு முன்பே சீனத்துச் சிங் அரசவைப் பெண்டிர் தம் நீள நகங்களுக்கு உறை அணிந்தனர். பேரரசி சிக்சியின் புகைப்படங்களில் அவ்வுறைகளைக் காணலாம். 'உழைக்கும் தேவை எனக்கில்லை' என்று வாய் திறவாமல் அறிவிப்பதே நீள நகத்தின் பணி. ஓய்வைப் பிறர் காணக் காட்டும் இத்தகைய வழக்கங்களை அமெரிக்க அறிஞர் தார்ஸ்டைன் வெப்லன் 1899இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இவ்வறிவிப்பை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் புனேயின் ஸ்ரீதர் சில்லால் ஆவார். 1952 முதல் வெட்டாது வளர்த்த இடக்கை நகங்களை அவர் 2018இல் நியூயார்க்கில் வெட்டிக்கொண்டபோது, ஐந்தின் மொத்த நீளம் 909.6 சென்டிமீட்டர். ஒன்பது கஜச் சேலை ஏறத்தாழ 823 சென்டிமீட்டரே. அதாவது, அந்நகத்தின் அளவுக்குப் பட்டு நெய்தால் ஒரு மடிசார் கட்டி, மிச்சத்தில் ரவிக்கைத் துணியும் எடுக்கலாம். ஆயினும் 66 ஆண்டுகள் ஒரு கையைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி வைத்துப் பெற்ற சாதனை இது. தறி உள்ள வீட்டில் அத்தகைய கைக்கு இடமில்லை.

இவ்வாராய்ச்சியின் துணிபு இங்கேதான் பிறக்கிறது. பட்டு நெய்பவருக்கு நகம் பகை. ஒரு பாவு முடிந்து மறு பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையை விரல்நுனியால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். அத்தகைய இழைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டுக் கோக்கப்படும் கோர்வையிலும் விரல் நூலுக்குள் புகுந்தே ஆக வேண்டும். நகத்தின் ஓரத்தில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் பட்டிழை அதில் சிக்கி எழும்; எழுந்த இழை கூலியில் போய் முடியும். எனவே உலகிலேயே நகத்துக்கு மிகப் பொருத்தமான ஆடையை நெய்யும் கைகள், உலகிலேயே மிகக் குட்டையான நகங்களைக் கொண்டவை. சீனப் பேரரசியின் நகம் ஓய்வை வாழ்நாள் முழுதும் அறிவித்தது. ஒட்டு நகமோ ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு அதனை அறிவித்து, திங்கட்கிழமை காலையில் வெந்நீரில் ஊறிக் கழன்று, கையைத் தறிக்குத் திருப்பித் தருகிறது. ஓய்வை நாள் வாடகைக்கு விடும் இந்த ஏற்பாட்டைக் குறித்து வெப்லன் எதுவும் எழுதாதது அவருடைய காலத்தின் குறையேயன்றி அவருடைய குறையன்று.

இனித் தொழில்நுட்பம். வெறும் நகம் 500 கொண்ட பெட்டியாக விற்கப்படுகிறது. அதில் 0 முதல் 9 வரை பத்து அளவுகள், அளவுக்கு 50 வீதம் இருக்கும். 0 கட்டைவிரலுக்குரிய பெரியது, 9 சுண்டுவிரலுக்குரிய சிறியது. இப்பங்கீட்டைச் செய்தவர் கையைக் கூர்ந்து நோக்கியவர் அல்லர். பத்து விரலில் கட்டைவிரல் இரண்டு, சுண்டுவிரல் இரண்டு. எஞ்சிய ஆறும் நடு எண்களுக்காகப் போட்டியிடுகின்றன. ஆகவே நடு எண்கள் முதலில் தீர்ந்து, பெட்டியின் இரு கோடிகளிலும் பெருநகங்களும் சிறுநகங்களும் விலைபோகாமல் தங்கும். தொடங்கிய சில மாதங்களில் இத்தொழிலாளியின் வீட்டில் கட்டைவிரல்களுக்கு மட்டும் பஞ்சமிராது.

அளவெடுத்தல் இதனினும் நுண்ணியது. வாடிக்கையாளர் தம் விரல்களை ஓர் ஒரு ரூபாய் நாணயத்தின் அருகில் வைத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நாணயத்தின் விட்டத்தைக் கொண்டு நகத்தின் அகலம் கணக்கிடப்படும். முறை செம்மையானதே. ஆனால் 1992 முதல் வந்த ஒரு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர். 2011 முதல் வந்ததன் விட்டம் ஏறத்தாழ 22. இரண்டும் இன்றும் ஒரே சுருக்குப்பையில் கிடக்கின்றன. புதிய நாணயத்தைப் பழையதெனக் கொண்டால், 14 மில்லிமீட்டர் நகம் ஏறத்தாழ 16 ஆகிவிடும். மணமகளின் கட்டைவிரல் அவளுடைய மாமாவின் கட்டைவிரலாகும். நகத்தின்மேல் செல்லோடேப்பை ஒட்டி, இரு ஓரத்திலும் பேனாவால் புள்ளியிட்டு, உரித்து அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே பிழையற்ற வழி. அரசு நாணயம் அடிக்கும்போது நகவணிகரைக் கலந்தாலோசிக்கும் வரை அதையே பின்பற்றுதல் நலம்.

ஜெல் சாயம் காற்றில் உலராது. புறஊதா ஒளியில் இறுகும். அதற்கான விளக்கு பொதுவாக 48 வாட் அளவினது. ஒரு யூனிட் மின்சாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் எரியும். கைத்தறி நெசவாளருக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தில் இவ்விளக்கு எரியலாமா என்பது சட்ட அறிஞருக்குரிய வினா. அடிப்பூச்சு, வண்ணம் இருமுறை, மேற்பூச்சு என ஒவ்வொன்றும் தனித்தனியே இறுக வேண்டும். வண்ணத்துக்கும் மேற்பூச்சுக்கும் இடையே ஒரு துண்டு ஜரிகையை வைத்து மூடினால், சேலையின் கரையே விரலில் ஏறியதாகத் தோன்றும். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது சேலைக்குரியதேயன்றி நகத்துக்கு நீளாது. ஆதலால் 'அசல் காஞ்சிபுரம் நகம்' என்று பெயர்ப்பலகை எழுதுவோர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

ஒரு வடிவத்தை மறுமுறை செய்வதில்லை என்று இத்தொழிலாளர் பெருமை பேசுவதுண்டு. இதற்கு இவ்வூரில் முன்னோடி உண்டு. உறுப்புகள் கீல்களால் இணைக்கப்பட்டு, உயிர்க்குதிரை போலவே அசையும் மரக்குதிரை வாகனத்தை இக்கோயிலுக்குச் செய்த தச்சர், அதுபோல் இன்னொன்று வேறெவர்க்கும் செய்ய மறுத்துவிட்டார் என்பது ஊர் வழக்கு. அவர் பெற்ற புகழ் பெரிது. அதே கொள்கையை, மணமகளின் மூன்று சித்தி பெண்களும் அதே மாம்பழ நிறத்தில் அதே மயில் வேண்டும் என்று கேட்கும்போது ஒருத்தி கைக்கொண்டால் கிடைப்பது புகழன்று.

வாடிக்கையாளருக்குச் சில எச்சரிக்கைகளை உறையிலேயே எழுதிவிடுதல் நன்று. நீள நகத்தால் ஜிமிக்கியின் திருகாணியைத் திருக இயலாது. ஆகவே நகை முன், நகம் பின். மூன்றாம் முடிச்சுப் போடும் நாத்தனாருக்குத் தாலி கட்டி முடியும் வரை நகம் ஒட்டலாகாது. முடிச்சு நழுவினால் இருவீட்டாரின் உறவுக்கு நகவணிகர் பொறுப்பேற்க நேரிடும்.

சட்டம் இத்தொழிலை அன்போடு நோக்குகிறது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. 2025 ஏப்ரல் முதல், இயந்திரத்தில் இரண்டரைக் கோடி ரூபாய் முதலீடும் பத்துக் கோடி விற்றுமுதலும் மிகாத நிறுவனம் குறுநிறுவனமே. ஒரு விளக்கும் நான்கு தூரிகையும் ஓர் அரமும் உடையவள் அவ்வெல்லையைத் தாண்டிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. மட்டும் சற்று விசித்திரமானது: தமிழ்நாட்டுக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பொருள் விற்பவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை; மாநில எல்லையைக் கடந்து விற்பவருக்கோ, சில கைவினைப் பொருள்கள் முதலிய விலக்குகள் நீங்கலாக, பதிவு கட்டாயம். வாசலில் போகும் ஒவ்வொரு பேருந்தும் பெங்களூருக்குப் போகிறது; அதில் ஏறும் பத்து நகங்கள் வரிச்சட்டத்தையும் உடன் ஏற்றிக்கொள்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமையால் எந்த மாநிலத்துக்கும் ஏற்றுவதற்கு எதுவும் இராது. படிவங்களை நிரப்ப அம்மாதங்கள் ஏற்றவை.

எஞ்சியிருப்பது ஒரே சிக்கல். வெட்டிய நகம் வீட்டில் கிடந்தால் தரித்திரம் என்றும், வெள்ளிக்கிழமையும் விளக்கு வைத்த பின்பும் நகம் வெட்டலாகாது என்றும் வழக்கு. ஐந்நூறு நகத்தைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருக்கும் வீட்டின் நிலை என்ன? காஞ்சிபுர வட்டாரத்தில் எப்பொருளுக்கும் இரு கட்சி உண்டு, இதற்கும் உண்டு. பிளாஸ்டிக் நகம் எவர் விரலிலும் வளராமையால் நகமே அன்று, ஆகவே தோஷமில்லை என்பது மருமகள் கட்சி. நகமன்று எனில் நகமென்று சொல்லி எண்ணூறு ரூபாய் வாங்குவது எங்ஙனம் என்பது மாமியார் கட்சி. இவ்வாதம் எளிதில் மறுக்கத்தக்கதன்று. அரத்தால் ராவும் வேலையை வியாழனோடு முடித்து, வெள்ளியன்று வண்ணம் தீட்டுதல் மட்டும் செய்வது என்னும் உடன்பாட்டுக்கு இரு கட்சியாரும் இசையக்கூடும். வண்ணம் தீட்டுதல் கோலம் போடுதலின்பாற்படும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சனிக்கிழமை மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை. பல முகூர்த்தங்கள் ஞாயிறன்று வருவதால், ஆர்டர்கள் சனிக்கிழமைதான் குவிகின்றன.