நாலரை நிமிடப் பாதை

சைக்கிள் ஓட்டுவதற்காக ஒருவர் ஐம்பது மைல் கார் ஓட்டிப் போவார் என்பதைக் கட்டுரையாளரின் மனைவியால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. “சைக்கிள்ல போகணும்னா வாசல்லேர்ந்தே மிதிச்சிட்டுப் போக வேண்டியதுதானேங்க? அதை எதுக்குக் காரு முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பண்ருட்டியில் மணிக்கு ஐம்பது காசு வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய நாளில் சைக்கிள்தான் மனிதனைச் சுமந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் குடியேறிய பிறகு முறை மாறிவிட்டது. கட்டுரையாளர் பதில் பேசாமல் தயிர்சாத டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

போன இடம் ஃபேர்ஃபாக்ஸ். கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே, மரின் மாவட்டத்து மலைகளின் மடியில் இருக்கும் சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 7,500. நம் கணக்கில் ஒரு பெரிய ஊராட்சி. ஆனால் மலைச் சைக்கிள்காரர்கள் இங்கே திருப்பதிக்கு வருவதுபோல வருகிறார்கள். முடிக்குப் பதிலாக முழங்கால் தோலைக் காணிக்கை செலுத்திவிட்டுப் போகிறார்கள்.

ஊருக்கு வெளியே காட்டுக்குள் இறங்கும் ஒரு மண்சாலைதான் காரணம். தீயணைப்பு வண்டிகள் போய்வர வெட்டிய சாலை அது. நீளம் சுமார் இரண்டு மைல். அதற்குள் 1,300 அடி கீழே இறங்கிவிடுகிறது. 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மேலே தள்ளிக்கொண்டு போய், இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அங்கிருந்து உருண்டு வந்தார்கள். மேலே ஒரு கடிகாரம், கீழே ஒரு கடிகாரம்; இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொண்டால் பந்தயம் தயார். அன்று வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். பெயருக்கேற்ற வேலை.

அவர்கள் ஓட்டிய வண்டிகளை ஊரிலுள்ள சைக்கிள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2015-இல் திறந்தது, மலைச் சைக்கிள் புகழ்க்கூடமும் அதற்குள்ளேதான். தலைக்கவசம், முழங்கால் கவசம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று விண்வெளிக்குக் கிளம்பியவர்போல உள்ளே நுழைந்த கட்டுரையாளர், அங்கே வைத்திருந்த ஷ்வின் சைக்கிளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய வண்டி. தடித்த டயர், கனத்த சட்டம், இருபது கிலோவுக்கு மேல் எடை. இரண்டு பக்கமும் கேன் மாட்டினால் பண்ருட்டிப் பால்காரர் வண்டி. பந்தயக்காரர்களில் ஜோ ப்ரீஸ் என்பவர் இப்படி ஒன்றை ஐந்து டாலருக்கு வாங்கினாராம். கட்டுரையாளர் தன் வண்டிக்கு எத்தனை டாலர் கொடுத்தார் என்பது அவருடைய மனைவிக்கே இன்னும் தெரியாது, வாசகர்களுக்கும் வேண்டாம்.

அந்தப் பழைய வண்டிகளில் கையால் பிடிக்கிற பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளிருக்கும் பிரேக் பிடிக்கும். 1,300 அடி இறக்கத்தில் அதை விடாமல் அழுத்தினால் என்ன ஆகும்? ஹப் பழுக்கக் காய்ந்து, உள்ளேயிருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைக் கழற்றிப் புதுக் கிரீஸை ‘ரீபேக்’ செய்தால்தான் வண்டி மறுபடி ஓடும். சாலைக்கும் ரீபேக் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சைக்கிள் கடைகளில் நடக்கிற ‘ஓவராயில்’தான் இது. ஹப்பைப் பிரித்து, பால்ரஸ்களை மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டிக் கிழிசலில் துடைத்து, கிரீஸை அப்பி மூடுவார்கள். நாம் வருஷத்துக்கு ஒருமுறை செய்ததை அவர்கள் ஒரு இறக்கத்துக்கு ஒருமுறை செய்தார்கள். அவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். நாம் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை தின்றோம்.

அந்தப் பந்தயக் கூட்டத்தில் கேரி ஃபிஷர் என்று ஒருவர். தலைமுடி அதிக நீளம் என்று 1968-இல் சாலைப் பந்தயங்களிலிருந்து ஒதுக்கப்பட்டவர். முடி வெட்டாமல் வந்த பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற தலைமையாசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போல. ரீபேக் சாலையின் சாதனை நேரம் அவருடையதுதான்: 4 நிமிடம் 22 விநாடி. ஜோ ப்ரீஸ் இரண்டே விநாடி பின்னால். பெண்களில் வெண்டி கிராக் ஐந்தரை நிமிடத்துக்குள் இறங்கியிருக்கிறார். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பலவற்றை எடுத்தவரும் அவரே. 1977-இல் ப்ரீஸ் இந்த வேலைக்கென்றே புதிதாகச் சட்டம் வளைத்து ஒரு சைக்கிள் செய்தார். அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் ஃபிஷரும் அதே கூட்டத்துச் சார்லி கெல்லியும் ‘மவுண்டன்பைக்ஸ்’ என்று கடையே போட்டுவிட்டார்கள். பெயரைத் தங்களுக்கு மட்டும் என்று பதிவு செய்துகொள்ள முடியாமல் போக, அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. 1996-இல் மலைச் சைக்கிள் ஒலிம்பிக்கிலும் நுழைந்துவிட்டது.

வரலாற்றைக் கேட்டாயிற்று. இனி ஏற வேண்டும்.

ஃபேர்ஃபாக்ஸிலிருந்து பொலினாஸ் சாலையில் மேலேறி, பைன் மலையின் மண்சாலையைப் பிடித்து, முகட்டு வழியாக ரீபேக்கின் உச்சிக்குப் போவது வழி. கீழ்ச்சரிவின் காட்டுக்குள் நுழைந்ததும் கட்டுரையாளருக்குப் பிரியாணி வாசம் அடித்தது. பசி மயக்கம் என்று நினைத்தார். உண்மையிலேயே மரம்தான். கலிஃபோர்னியா பே லாரல் இந்தப் பக்கத்துக் காடுகளில் மண்டிக் கிடக்கிறது; இலையைக் கசக்கினால் பிரிஞ்சி இலையின் வாசம் நாலு மடங்காக வரும். அதை முகர்ந்துகொண்டே பக்கத்துச் செடிமேல் கையை வைத்துவிடக் கூடாது. காம்புக்கு மூன்று இலையாக, பளபளவென்று சாதுபோல நிற்கும் பாய்சன் ஓக் அங்கேதான் இருக்கும். தொட்டவர் இரண்டு வாரம் சொறிந்துகொண்டிருக்க வேண்டும்.

முகட்டுக்கு ஏறியதும் காடு குட்டையாகிவிடுகிறது. அங்கேயுள்ள சர்ப்பெண்டைன் என்ற பச்சைப் பாறை மண்ணில் சத்துக் குறைவு, நச்சு உலோகம் அதிகம். அதில் முளைக்கும் சார்ஜென்ட் சைப்ரஸ் மரங்கள் எத்தனை வருஷம் நின்றாலும் மார்பளவுதான். ஏறி வந்த களைப்பில், ஒரு மரத்தின் தலைமேலேயே முழங்கையை ஊன்றி இளைப்பாறும் பாக்கியம் கட்டுரையாளருக்குக் கிடைத்தது. அப்படி நிற்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி சைக்கிளில் அவரைத் தாண்டிப் போனார். “அருமையான வண்டி” என்றார். ஓட்டுபவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தெற்கே தெரிந்தது தமால்பைஸ் மலை, 2,571 அடி. கோஸ்ட் மிவோக் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த பெயர். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘டாம்’ என்பார்கள். அலுவலகத்தில் இந்தப் பெயரை முதலில் கேட்டபோது தமிழ்ச் சங்கத்துக்கு ஏதோ மலை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கட்டுரையாளர் நம்பியிருந்தார். 1896 முதல் 1930 வரை அந்த மலைமேல் ஒரு ரயில் ஓடியது. எட்டு மைலுக்குச் சற்று மேற்பட்ட பாதையில் 281 வளைவுகள். உலகத்திலேயே கோணலான ரயில்பாதை என்று அவர்களே விளம்பரம் செய்துகொண்டார்கள். திரும்பும்போது எஞ்சின் இல்லாத பெட்டிகளில் ஆட்களை ஏற்றி, பிரேக்மேனை நம்பி இறக்கத்தில் உருட்டிவிடுவதும் உண்டு. ஆக, மேலே ஏறிப்போய் உருண்டு வருவது இந்த வட்டாரத்தின் பரம்பரைப் பழக்கம். தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள், அந்தத் தடத்தில் இப்போது சைக்கிள்கள் போகின்றன. ரயில் ஏறிய வழி என்பதால் ஏற்றம் ஏழு சதவீதத்தைத் தாண்டாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதையே சொல்லலாம். அதுகூட வேண்டாம் என்பவர்கள் மேற்கே சாமுவேல் பி. டெய்லர் மாநிலப் பூங்காவுக்குப் போகலாம். ஓடையோரமாக, பழைய ரயில் தடத்தில் சமதளப் பாதை. இரண்டு பக்கமும் வானத்தை மறைக்கும் ரெட்வுட் மரங்கள். (இதைச் செம்மரம் என்று தமிழாக்கலாம்தான், வாசகர்களுக்கு வேறு வழக்குகள் நினைவுக்கு வரும்.)

விதிமுறைதான் விசித்திரம். மலைச் சைக்கிள் பிறந்த இந்த மண்ணில் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை நெடுங்காலமாகச் சைக்கிளுக்கு மூடியே இருந்தன. நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நடந்த பங்காளிச் சண்டை பல பதிற்றாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. ஊரையடுத்த சாரணர் முகாம் நிலத்தில் ஒற்றையடிப் பாதை உண்டு. கட்டணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அகலமான மண்சாலைகளில் போகலாம், ஆனால் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது. எதிரே ஆள் வந்தாலோ மறைவான வளைவு வந்தாலோ 5 மைல். வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கியோடு வனக்காவலர்கள் மறைந்து நின்ற கதைகளும் உண்டு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மைலை 4 நிமிடம் 22 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் 15 மைலை எங்கேயோ தாண்டிவிடுகிறது. ஃபிஷரின் சாதனையை முறியடிக்க நினைப்பவர் முதலில் சட்டத்தை முறித்தாக வேண்டும்.

கட்டுரையாளர் சட்டத்தை மதிப்பவர். இறங்க எடுத்துக்கொண்ட நேரம் 47 நிமிடம்.

பிரேக்கை இரண்டு கையாலும் கவ்விப் பிடித்தபடி, சீட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு, முருகனை முழுப் பெயரோடு கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார். முன்பு ஒருவர் விழுந்து தேய்த்துக்கொண்ட முகத்தின் பெயரால் அழைக்கப்படும் இடமும் அந்தச் சாலையில் உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டே அதைக் கடந்தார். நாயோடு நடந்து வந்த ஒரு பெண் அவரை இரண்டு முறை முந்தினார். நடுவில் நாய்க்குத் தண்ணீர் காட்ட நின்றிருக்காவிட்டால் ஒரு முறையோடு போயிருக்கும். கேமரா கார்னர் என்றொரு வளைவு வந்தது. பந்தயக் காலத்தில் விழுபவர்களைப் படமெடுக்க ஆட்கள் கூடி நின்ற இடம். மரபு பிசகாமல் கட்டுரையாளரும் அங்கேயே விழுந்தார். படமெடுக்கத்தான் யாருமில்லை. அந்த நாய் மட்டும் திரும்பி வந்து பையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒருவழியாக அடிவாரத்து ஓடையை அடைந்ததும், இந்தக் காலத்து வண்டியிலும் புகை வருமா என்ற ஆராய்ச்சி ஆர்வத்தில் பின்சக்கரத்து பிரேக் தட்டில் விரலை வைத்தார். சுர்ரென்றது. விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். “இறங்கிட்டேன்.”

“கை கால் எல்லாம் இருக்கா?”

“இருக்கு.”

“டப்பா?”

பையைத் திறந்தார். மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். தயிர்சாதம் பம்ப்புக்குள்ளும் பஞ்சர் ஒட்டும் பெட்டிக்குள்ளும் கார் சாவியின் இடுக்கிலும் சமமாகப் பரவியிருந்தது. ஒரு மாவடு மட்டும் அடிபடாமல் வரைபடத்தின்மேல் உட்கார்ந்திருந்தது, ஏறத்தாழ கேமரா கார்னர் இருக்கும் இடத்தில். கட்டுரையாளர் மாவடுவை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கையால் வழித்து வழித்து டப்பாவுக்குள் மறுபடி திணிக்கத் தொடங்கினார்.