அடியில் ஓட்டை இருக்கிறதா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கத்து வரவேற்பறைகளில் இப்போது செடியைவிடத் தொட்டிக்குத்தான் மரியாதை. ஃபைபரில் வார்த்தது, ஆனால் பார்க்கச் சிமெண்ட் மாதிரி இருக்க வேண்டும், விலை மட்டும் சிமெண்ட் மாதிரி இருக்கக் கூடாது. அடியில் ஓட்டை கிடையாது, டைல்ஸ் கறைபடுமாம். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊரில் அதைப் பால்கனியில் வைத்தால் வேர் அழுகும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு மட்டும் செழிப்பாக வளரும்.

கோட்டைக்குள் அக்கிரகாரத்துத் துளசி மாடத்துக்கு எந்த வடிவமைப்பாளரும் ஆலோசனை சொன்னதில்லை. வெயில் விழும் முற்றம் போதுமாயிருந்தது.

கும்ப மாதம் ஆற்றுக்கால் பொங்காலைக்கு சாலைக் கடைத்தெருவில் மண்பானை குவியும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவுசெய்த விழா அது. பொங்காலை முடிந்து மாடியில் சும்மா கிடக்கும் பானையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஆணியால் அடியில் மெல்லத் தட்டித் துளைபோட்டு, மேலே ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் நிரப்பினால் தொட்டி தயார். சுட்ட மண் ஈரத்தைக் கசியவிடும். மணிபிளாண்ட் அதில் ஜோராகப் படரும். இன்ஸ்டாகிராமில்தான் எடுபடாது.

புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்கள் கடையிலேயே ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.